காவிரி மீன்கள்: பெயர்கள் காட்டும் வரலாறு

சங்க இலக்கியம் பயில்வோர்க்கு மீன்களின் பெயர்கள் புதியன அல்ல. கெண்டை, கயல், வாளை, வரால், ஆரல், அயிரை, மலங்கு, கெடிறு எனப் புலவர்கள் மீன்களை இனம் பிரித்தே பாடினர். பிற்காலக் காப்பியங்களின் நாட்டுப்படலங்களில் வாளை பாயாத வயலே இல்லை. இவற்றை நாம் பெரும்பாலும் உவமைக்கும் வருணனைக்கும் உரிய பொருள்களாகக் கற்கிறோம்; கற்பிக்கிறோம். ஆயின் இப்பெயர்களுக்குரிய உயிர்கள் இன்று ஆற்றில் எந்நிலையில் உள்ளன என்னும் வினாவைத் தமிழ் வகுப்பறையில் எழுப்புவது அரிது. அவ்வினாவைக் காவிரியை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவிரிக்கரை ஊர் ஒன்றின் மீன் அங்காடிக்கு இன்று செல்வோமாயின் இருவகைப் பெயர்களைக் கேட்கலாம். கெண்டை, விரால், வாளை, ஆரல், கெளுத்தி என்பன ஒருவகை. கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி என்பன மற்றொரு வகை. முதல்வகை ஈராயிரம் ஆண்டு வழக்குடையது. இரண்டாம் வகையோ ஒரு நூற்றாண்டுக்குள் வந்து சேர்ந்தது. நிலவியல் அறிஞர் மண்ணடுக்குகளைக் கொண்டு நிலத்தின் வயதைக் கூறுவர். சொல்லடுக்குகளைக் கொண்டு ஆற்றின் வரலாற்றையும் ஓரளவு கூறலாம் என்பது எம் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரையான ஆண்டுகளில் வெளிவந்தது. அப்பதிப்பில் 'ஜிலேபி' என்னும் சொல்லுக்கு மீன் என்ற பொருளைத் தேடுவது வீண்முயற்சியாகும். அந்த மீன் இந்தியாவிற்கு வந்ததே 1952ஆம் ஆண்டில்தான்.

முதற் பதிவுகள்

காவிரிப் படுகை மீன்களை அறிவியல் முறையில் பதியும் பணி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்தது. அங்கிருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் சமயத்தொண்டர், இப்பகுதி மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்து அறிஞர் பிளாக் என்பவருக்கு அனுப்பிவந்தார். பிளாக் அவற்றுக்கு இலத்தீன் பெயரிட்டு நூல்களில் ஏற்றினார். அவ்வூரிலேயே பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர், 1791இல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைத் தாம் கண்டதாக எழுதி ஐரோப்பிய அறிஞரை வியப்பில் ஆழ்த்தினார். நம் மக்களுக்கு அது வியப்பன்று. அதன் பெயரே பனையேறிக் கெண்டைதான். அது உண்மையில் பனை ஏறுமா என்ற வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. நீரைவிட்டு வெளியேறி ஈரநிலத்தில் நெடுந்தூரம் ஊர்ந்து செல்ல வல்லது என்பது மட்டும் உறுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பணியைப் பேரளவில் செய்தவர் பிரான்சிசு டே. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், பின்னர் இந்திய மீன்துறைத் தலைமை ஆய்வாளராக உயர்ந்தார். நன்னீர் மீன்வளம் பற்றி இவர் அளித்த அறிக்கை 1873இல் வெளிவந்தது. 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒவ்வொரு மீனுக்கும் அந்தந்த வட்டாரப் பெயர்களையும் அவர் குறித்துள்ளார். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்தே காணப்படுகின்றன. லகர ளகர ழகர வேறுபாட்டை அவ்வெழுத்து தாங்காது. அங்ஙனமாயினும் அப்பெயர்ப் பட்டியல் தமிழ்ச் சொல்லாய்வாளர்க்கு ஒரு கருவூலம். விலங்கியல் துறையார் அதனைப் புரட்டுகின்றனர். தமிழ்த் துறையார் புரட்டுவதில்லை.

உல்லம்

டே அவர்களை இப்பணிக்கு அழைத்துவந்த நிகழ்ச்சி கருதத்தக்கது. அதனை விளங்கிக்கொள்ளக் காவிரியின் அணைகளை முதலில் நோக்கவேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம். அதன் தரை தாழ்ந்தது. ஆதலின் நீர் அதனுள்ளேயே இறங்கி ஓட, காவிரிக் கிளை மணல் மேவி வறண்டது. தஞ்சை வயல்களின் வாட்டத்தைத் தீர்க்க, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டளவில் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னுமிடத்தில் கீழணையையும் கட்டினார். வேளாண்மை செழித்தது. காட்டனின் பெயரைக் காவிரிக்கரையிலும் கோதாவரிக்கரையிலும் மக்கள் நன்றியுடன் நினைப்பதற்குக் காரணம் உண்டு.

ஆனால் ஆற்றில் கீழ்நோக்கிச் செல்லும் நீர் மட்டுமன்றி, மேல்நோக்கிச் செல்லும் உயிரும் உண்டு. உல்லம் என்பது கடலில் வாழும் வெள்ளிநிற மீன். வங்காளத்தார் இதனை இலிசு என்றும், ஆந்திரத்தார் ஆற்றில் ஏறிவந்த நிலையில் புலசா என்றும் போற்றுவர். கடலில் வளர்ந்தாலும் இது முட்டையிடுவது நன்னீரில்தான். தென்மேற்குப் பருவ மழையால் ஆறு பெருகிச் செந்நீர் கடலில் பாயும்போது, அந்நீரின் வழிபற்றி உல்லம் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஓட்டத்தை எதிர்த்து நெடுந்தொலைவு செல்லும். ஒரு பெண்மீன் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு இறங்கிக் கழிமுகத்தில் வளர்ந்து மீண்டும் கடலை அடையும். கொள்ளிடத்தின் வழியாக ஏறிய உல்லத்திற்கு முதல் தடையாக நின்றது கீழணை.

இத்தடையைப் பற்றி அரசுக்கு எடுத்துரைத்தவர்களுள் அணை கட்டிய அதே காட்டனும் ஒருவர் என்பதே நாம் குறிப்பிட விரும்பும் செய்தி. பணி ஓய்வுபெற்று இங்கிலாந்தில் இருந்த அவர், 1867இல் இந்தியாவுக்கான அமைச்சருக்கு எழுதினார். ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் மீன்கள் முட்டையிடும் இடங்களுக்குச் செல்வதைத் தடுத்து மீன்வளத்தைக் கெடுக்கக்கூடும் என்று அதில் சுட்டினார். அதன்பின் எழுந்த விசாரணையே டே அவர்களின் நெடும்பயணத்திற்கு வித்தாயிற்று. தம் பணியால் விளையக்கூடிய தீங்கைத் தாமே முன்வந்து எழுதும் பொறியாளரை எக்காலத்திலும் எளிதில் காண இயலாது.

தீர்வு தேடும் முயற்சிகளும் நடந்தன. 1909ஆம் ஆண்டளவில் வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநர், கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்ய முயன்றார். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரான சுந்தரராஜ், கொள்ளிடத்து உல்லத்தின் இயல்புகளை ஆராய்ந்து 1917இல் எழுதினார். கீழணையில் மீன் ஏணியும் அமைக்கப்பட்டது. மீன் ஏணி என்பது, அணையின் ஓரத்தில் படிப்படியாகத் தொட்டிகள் அமைத்து, மீன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி மேலேற வழிசெய்வது. ஐரோப்பிய ஆறுகளின் சால்மன் மீனுக்கு அது பொருந்தும். அது தாவும் மீன். உல்லமோ தாவும் இயல்புடையதன்று. ஏணி நின்றது, உல்லம் ஏறவில்லை. பிற நாட்டு மீனின் இயல்பை அளவாகக் கொண்டு நம் நாட்டு மீனுக்குப் படி கட்டியதன் விளைவு அது.

மேட்டூரும் கெண்டைகளும்

1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்நீர்த்தேக்கம், ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியது. மேலே மைசூர் அரசின் கிருஷ்ணராஜசாகர் அணை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நீர் தேக்கத் தொடங்கியிருந்தது. இவ்விரண்டும் காவிரியின் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, வேண்டும்போது வேண்டுமளவு விடும் நிலையை உண்டாக்கின. கொள்ளிடத்தில் கடல்வரை ஓடிய பெருவெள்ளங்கள் குறைந்தன. கீழணைக்குக் கீழே எஞ்சியிருந்த உல்ல வரவும் சுருங்கியது.

அணைக்கு மேலே நிகழ்ந்த மாற்றம் வேறுவகையானது. மாணவர்கள் இதனைச் சற்று நிதானமாகக் கருதவேண்டும். காவிரிக்கே உரிய கெண்டை இனங்கள் ஓடும் நீருக்கு ஏற்ப அமைந்தவை. அவற்றுள் பலவற்றின் வாய் கீழ்நோக்கியிருக்கும். பாறைகளிலும் தரையிலும் படிந்த பாசியையும் மக்கலையும் மேய்வதற்கு அவ்வமைப்பு உதவும். பருவ வெள்ளம் கரைபுரண்டு தாழ்நிலங்களில் பரவுகையில் அவை முட்டையிடும். நீர்த்தேக்கத்திலோ ஓட்டம் இல்லை, ஆழம் மிகுதி, தரை இருண்டது. உணவு மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களாக உள்ளது. அவ்வுணவுக்கு ஏற்ற வாய் கட்லாவினுடையது. அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது.

கட்லா காவிரிக்கு உரிய மீன் அன்று. கங்கையிலும் வடக்கத்திய பிற ஆறுகளிலும் வாழ்ந்த அதனை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீன்துறையினர் கோதாவரியிலிருந்து கொணர்ந்து காவிரியில் விட்டனர். மேட்டூரில் அது நிலைபெற்றுப் பெருகியது. அதே காலத்தில் உள்நாட்டுக் கெண்டைகள் பிடிபாட்டில் குறையலாயின. வி. வி. சுகுணன் இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றி எழுதி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1995இல் வெளியிட்ட நூலில், மேட்டூரில் நேர்ந்த இம்மாற்றம் பேசப்படுகிறது.

இதில் வந்த மீனை மட்டும் பழிப்பது முறையன்று. ஆறு ஏரியாக மாறிய பின்னர், ஆற்று மீனின் இடத்தை ஏரிக்கு ஏற்ற மீன் பிடித்தது. விரைந்து வளரும் கட்லாவால் மீனவர் பயன் பெற்றனர்; எளிய மக்களுக்கு மலிவான புரதம் கிடைத்தது. இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எனினும் ஒன்றைக் கூறவேண்டும். கட்லா நாட்டின் பல ஆறுகளில் உண்டு. அது காவிரியில் இல்லாமற்போனாலும் உலகில் இருக்கும். காவிரியின் தனிக்கெண்டைகளுக்கு அவ்வாறு வேறு வீடு இல்லை.

இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது 1957இல் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு. கட்டாக் நகரில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அதுவரை வெள்ளக்காலத்தில் ஆற்றில் குஞ்சுகளை வலைவீசிச் சேகரிக்க வேண்டியிருந்தது. இனி வேண்டிய குஞ்சைத் தொட்டியில் பெருக்கலாம் என்றாயிற்று. இந்திய மீன்வளர்ப்பின் பெருவளர்ச்சிக்கு அதுவே அடிப்படை. கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்று பெயர்களும் தென்னாட்டுக் குளம் ஏரிகளிலெல்லாம் பரவியமைக்கும் அதுவே காரணம். எந்த மீனைத் தொட்டியில் பெருக்க இயன்றதோ அந்த மீனே எங்கும் விடப்பட்டது.

ஜிலேபி

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த திலாப்பியா, உணவுப் பெருக்கம் கருதி 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. நம் மக்கள் அதற்கு ஜிலேபி என்று பெயரிட்டனர். இனிப்புப் பண்டத்தின் பெயரை மீனுக்கு இட்ட மக்களின் நகைச்சுவை பாராட்டத்தக்கதே; ஆனால் ஆற்றுக்கு அது அவ்வளவு இனிப்பாக அமையவில்லை. இம்மீன் சில திங்களிலேயே பருவமடையும். ஆண்டில் பலமுறை முட்டையிடும். தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஆதலால் அதற்கு வெள்ளம் வேண்டா. பாயும் நீர் வேண்டா. நீர் கெட்டாலும் பொறுக்கும். பருவ வெள்ளத்தை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடும் கெண்டை, அணையால் ஓட்டம் குன்றிய ஆற்றில் அதனுடன் போட்டியிட இயலாது.

பின்னர் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் கொடிது. அது பிற மீன்களை விழுங்கி வளர்வது. அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்திருந்தும் களவாக வளர்க்கப்பட்டுக் குளங்களிலிருந்து ஆறுகளுக்குத் தப்பியுள்ளது.

சாயக்கழிவு, மணற்கொள்ளை ஆகியவற்றைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதியுள்ளமையால் ஈண்டு விரிக்கவில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியதும், சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்தவையே. நொய்யல் காவிரியில் கலக்கும் ஆறு என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

அளவுகோல் நகர்தல்

இத்தகைய மாற்றங்கள் ஏன் உடனே கண்ணிற்படுவதில்லை? மீனியல் அறிஞர் டேனியல் பாலி 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட நிலையையே இயல்பு நிலையாகக் கொள்கிறது. அதிலிருந்து குறைந்ததையே குறைவெனக் கருதுகிறது. அடுத்த தலைமுறை அக்குறைந்த நிலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இவ்வாறு அளவுகோலே நகர்ந்துவிடுவதால் மொத்த இழப்பு யாருக்கும் தெரிவதில்லை. பாட்டனார் உல்லத்தைப் பற்றிப் பேசினார். தந்தையார் கெண்டையைப் பற்றிப் பேசினார். மகன் ஜிலேபி குறைந்துவிட்டதே என்று வருந்துகிறான்.

இதற்கு மாற்று, தொடர்ந்த பதிவு ஒன்றுதான். அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் 1957 முதல் குறிப்பிட்ட இடங்களில் ஒரே முறையில் மீன்கணக்கு எடுத்துவருகின்றனர். சிகாகோ நகரின் கழிவால் கெட்டிருந்த அந்த ஆற்றில், 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டத்திற்குப் பின்னர் நல்ல மீனினங்கள் மெல்லத் திரும்பின என்பதை அக்கணக்கு காட்டிற்று. பிறகு சீனத்திலிருந்து கொணரப்பட்டுப் பண்ணைகளிலிருந்து தப்பிய வெள்ளிக் கெண்டை அவ்வாற்றை ஆக்கிரமித்ததையும் அதே கணக்கு காட்டிற்று. முன்னது மகிழ்ச்சி, பின்னது துயரம். இரண்டையும் ஐயமின்றிக் கூற அவர்களிடம் ஏடு இருக்கிறது. காவிரிக்கு நம்மிடம் இருப்பவை அவ்வப்போது எடுத்த கணக்குகளே. இந்திய விலங்கியல் அளவைத்துறையின் ஜெயராம் முதலியோர் ஆறு முழுவதையும் ஆய்ந்து 1982இல் வெளியிட்ட அறிக்கை அவற்றுள் தலையாயது.

பெயரற்ற பெருமீன்

காவிரியின் மிகப்பெரிய மீனுக்கு நேர்ந்த கதை, பெயரின் இன்றியமையாமையைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்தவல்லது. மகசீர் என்னும் பெருங்கெண்டை குடகு முதல் மேட்டூருக்கு மேற்பட்ட மலைப்பகுதி வரை வாழ்ந்தது. முதுகில் திமில் போன்ற மேடும் செம்பொன் நிறத் துடுப்புகளும் கொண்டது. எச். எஸ். தாமஸ் என்னும் ஆட்சியாளர் 1873இல் எழுதிய தூண்டில் நூல் இந்திய மகசீரின் புகழை ஆங்கிலேயரிடையே பரப்பியது. மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946இல் கபினி ஆற்றில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோவுக்கும் மேல்.

வெடிவைத்துப் பிடித்தல் முதலிய கொடுமைகளால் இம்மீன் அருகியது கண்டு, நல்லெண்ணம் கொண்டோர் அதனைக் காக்க முனைந்தனர். மகாராட்டிரத்து லோனாவாலாவிலுள்ள மீன் பண்ணையில் மகசீர்க் குஞ்சுகள் பெருக்கப்பட்டன. 1970களிலிருந்து அவை காவிரியிலும் விடப்பட்டன. தூண்டிலில் பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலேயே விடும் முகாம்கள் கருநாடகக் காட்டுப்பகுதியில் நடந்தன. மீன்களின் எண்ணிக்கை கூடிற்று. காவிரியின் மகசீர் காப்பாற்றப்பட்டது என்றே பலரும் நம்பினர்.

ஆனால் விடப்பட்டது வேறு மகசீர், நீலத்துடுப்பு மகசீர். பிண்டர், இராஜீவ் இராகவன், பிரிட்டன் ஆகியோர் அம்முகாம்களின் 1998 முதல் 2012 வரையான பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை அதனைப் புலப்படுத்தியது. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. சராசரி எடையோ இறங்கியிருந்தது. ஏறியது வந்த மீன். இறங்கியது காவிரியின் திமில் மகசீர். 'மகசீர்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டியமையால், ஒன்றின் அழிவு மற்றொன்றின் பெருக்கத்துக்குள் மறைந்து கிடந்தது.

இதனினும் வியப்பானது, நூற்றைம்பது ஆண்டுக்காலம் உலகப்புகழ் பெற்றிருந்த அப்பெருமீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயரே இல்லாதிருந்தமை. 2007இல் காவிரியின் கிளையான பாம்பாற்றிலிருந்து சிறிய மகசீர்கள் சிலவற்றை ஆராய்ந்த கேரள அறிஞர்கள், சென்னையில் பணியாற்றிய மீனியல் ஆய்வாளர் ரெமாதேவியின் பெயரால் அவற்றுக்கு 'தோர் ரெமாதேவி' என்று பெயரிட்டிருந்தனர். காவிரியின் திமில் மகசீரும் அதுவே என்பது 2018இல் மெய்ப்பிக்கப்பட்டது. பெயர் உறுதியான அவ்வாண்டிலேயே, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பெயரில்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க இயலாது என்பதால் அதுவரை சட்டத்தின் கண்ணுக்கு அம்மீன் இல்லாததாகவே இருந்தது. பவானியில் கலக்கும் மோயாற்றில் அதன் கூட்டம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது.

மீனின் பங்கு

காவிரி நீர்ப்பங்கீடு பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. தமிழ்நாட்டிற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7. இவை பலரும் அறிந்தவை. 2018இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்ததும் அறிந்ததே. எஞ்சும் 14 டி.எம்.சி. யாருக்கு என்று கேட்போர் சிலரே. 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் காப்புக்காக, 4 டி.எம்.சி. தவிர்க்கவியலாது கடலில் கலப்பதற்காக.

உல்லம் தேடிவரும் நீர் அந்த நான்கில்தான் அடங்கும். வெள்ளம் வரும் ஆண்டுகளில், 'காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்று நாம் எழுதுகிறோம், மேடைகளிலும் முழங்குகிறோம். உழவரின் தவிப்பிலிருந்து பிறந்த சொல் அது, அத்தவிப்பு உண்மையானது. ஆயினும் 'வீண்' என்னும் அச்சொல்லைத் தமிழ் கற்றோர் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தல் தகும். கழிமுகத்தில் உப்பைத் தணிப்பதும், கடலோர மீனவரின் வலையில் விழும் இறாலுக்கும் மீனுக்கும் நாற்றங்கால் அமைப்பதும், மேலே வர வழி உண்டு என்று உல்லத்திற்கு அறிவிப்பதும் அந்த நீர்தான். 1867இல் காட்டன் எழுதிய கடிதத்தில் இக்கணக்கு இருந்தது. 1934க்குப் பின்வந்த கணக்கேடுகளில் அது நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2007இல் நான்கு என்னும் எண்ணாகத் திரும்பி வந்துள்ளது.